பட்டா முதலில், நிலம் பிறகு: மெய்நிகர் நினைவகமும் அதன் வேலிகளும்

8 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு சாதாரண லினக்ஸ் மடிக்கணினியில், பத்தே வரியில் ஒரு சி நிரல் எழுதி, 1 டெராபைட் இடம் வேண்டும் என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்டுப் பாருங்கள். எம்மேப் என்ற அழைப்பில், படிக்கவோ எழுதவோ இப்போது அனுமதி வேண்டாம், முகவரி மட்டும் போதும் என்று குறிப்பிட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு முகவரி கைக்கு வந்துவிடும். கணினியில் எவ்வளவு நினைவகம் மிச்சம் இருக்கிறது என்று உடனே பார்த்தால், அந்த எண் அசைந்திருக்காது. கையில் இல்லாத ஒன்றைக் கெர்னல் எப்படிக் கொடுத்தது?

கொடுத்தது நிலத்தை அல்ல, பட்டாவை.

நம் வருவாய்த் துறைப் பதிவுகளில் பட்டா வேறு, அடங்கல் வேறு. இந்த சர்வே எண் இன்னார் பெயரில் இருக்கிறது என்று சொல்வது பட்டா. அந்த நிலத்தில் இந்தப் போகத்தில் என்ன பயிர் நிற்கிறது, அல்லது தரிசாகக் கிடக்கிறதா என்று சொல்வது அடங்கல். கெர்னலும் ஒவ்வொரு செயல்முறைக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், இப்படி இரண்டு ஏடுகள் வைத்திருக்கிறது. இந்த முகவரியிலிருந்து அந்த முகவரி வரை இந்த நிரலுக்கு உரியது, அதற்கு இன்னின்ன அனுமதிகள் உண்டு என்று தனக்காக எழுதிக்கொள்ளும் பட்டியல் ஒன்று. அந்த முகவரிக்குப் பின்னால் இப்போது உண்மையான நினைவகம் எங்கே இருக்கிறது என்று, பக்கம் எனப்படும் சம அளவுத் துண்டுகளாகக் காட்டும் பக்க அட்டவணை இன்னொன்று. முதல் ஏட்டைப் படிப்பது கெர்னல் மட்டுமே. இரண்டாவதைப் படிப்பது செயலியின் வன்பொருள். நிரல் நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் அதன்படிதான் நடக்கிறது. நிரலுக்கு முகவரிகளாக மட்டும் காட்டப்படும் இந்த மெய்நிகர் நினைவகம் பற்றி வரும் குழப்பங்களில் பாதி, இந்த இரண்டு ஏடுகளையும் ஒன்றென்று எண்ணுவதால் வருகிறது. 1 டெராபைட் கேட்டபோது முதல் ஏட்டில் ஒரே ஒரு பதிவு கூடியது. இரண்டாவது ஏட்டில் எதுவும் எழுதப்படவில்லை.

இந்த ஏற்பாடு பிறந்த இடம் இங்கிலாந்தின் மான்செஸ்டர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையிலான குழு, ஃபெரான்டி நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய அட்லஸ் கணினி 1962 டிசம்பரில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் வேகமான காந்த வளைய நினைவகத்தில் 16,384 சொற்களுக்கே இடம் இருந்தது; சொல் என்பது இங்கே கணினி ஒரே முறையில் கையாளும் தரவு அளவு. மெதுவாகச் சுழலும் காந்த உருளையில் 98,304 சொற்கள் கொள்ளும். அதுவரை நிரலர்கள்தான் எந்தத் துண்டு எப்போது உருளையிலிருந்து மேலே வர வேண்டும், எது கீழே போக வேண்டும் என்று தாங்களே வரி வரியாகத் திட்டமிட்டார்கள். இந்தச் சுமைதூக்கும் வேலைக்கே நிறைய நேரம் போனது. அட்லஸ் இரண்டையும் ஒரே பரப்பாக நிரலருக்குக் காட்டியது. 512 சொற்கள் ஒரு பக்கம். வளைய நினைவகத்தில் 32 பக்கங்கள். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று நினைவில் வைக்க வன்பொருளிலேயே 32 பதிவேடுகள். அந்தப் பதிவேடுகள் ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு பிட் இருந்தது. அது போடப்பட்டிருந்தால் நிரல் அந்தப் பக்கத்தைத் தொட முடியாது. இடப் பற்றாக்குறைக்குக் கண்ட வழியிலேயே காவலும் சேர்ந்து பிறந்துவிட்டது என்பதைத்தான் அட்லஸில் நான் வியந்து பார்க்கிறேன்.

எண்களைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1985ல் வந்த இன்டெல் 80386 செயலி ஒரு பக்கத்துக்கு 4096 பைட் என்று வைத்தது. இன்றைய 64 பிட் எக்ஸ்86 செயலிகளிலும் அடிப்படை அளவு அதுவே. ஆப்பிளின் சொந்தச் செயலிகளில் அது 16,384 பைட். பரவலாக உள்ள 64 பிட் ஏற்பாட்டில் ஒரு முகவரியின் 48 பிட்கள் மட்டும் பயன்படுகின்றன. அவற்றில் கடைசி 12 பிட்கள் பக்கத்துக்குள் எந்த பைட் என்று சொல்லும். இரண்டின் 12ஆம் அடுக்கு 4096 அல்லவா? மீதி 36 பிட்கள் நான்கு ஒன்பதுகளாகப் பிரிகின்றன. ஒவ்வொரு ஒன்பதும் ஒரு அட்டவணையில் 512 வரிகளில் ஒன்றைச் சுட்டும். ஒரு வரி 8 பைட். 512ஐ 8ஆல் பெருக்கினால் 4096, அதாவது ஒரு அட்டவணை ஒரு பக்கத்தில் மிச்சம் மீதியில்லாமல் அடங்குகிறது. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் என்று இறங்கிப் போவது போல நான்கு படிகள் இறங்கினால் நிலம் வந்துவிடும். இந்தக் கணக்கின் நேர்த்தி எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

அந்த 8 பைட் வரியில்தான் காவலும் இருக்கிறது. முதல் பிட், இந்தப் பக்கம் உண்மையில் நினைவகத்தில் இருக்கிறதா என்று சொல்லும். அடுத்தது, எழுதலாமா. அதற்கடுத்தது, சாதாரண நிரல் தொடலாமா, கெர்னல் மட்டுமா. எல்லாவற்றுக்கும் மேலே, 63ஆம் எண் பிட், இங்குள்ளதைக் கட்டளைகளாக இயக்கக் கூடாது என்று தடுக்கும். படிக்கலாமா என்பதற்குத் தனி பிட் கிடையாது. எனவே எக்ஸ்86ல் எழுத மட்டும் அனுமதி, படிக்க வேண்டாம் என்று ஒரு பக்கத்தைக் கேட்டால், சொல்லில் கிடைக்கும், செயலில் கிடைக்காது.

நிரல் ஒரு முகவரியைத் தொடுகிறது. அட்டவணையில் அதற்கு வரி இல்லை, அல்லது வரி இருந்தும் அனுமதி இல்லை. செயலி அந்தக் கட்டளையைப் பாதியில் நிறுத்தி, தொடப்பட்ட முகவரியைத் தன் சிஆர்2 பதிவேட்டில் குறித்துவிட்டு, கெர்னலை எழுப்புகிறது. இதற்குப் பேஜ் ஃபால்ட் என்று பெயர். பெயரில் பிழை இருந்தாலும் பெரும்பாலான நேரங்களில் இது பிழையே அல்ல. கெர்னல் பட்டாவை எடுத்துப் பார்க்கிறது. இடம் இந்த நிரலுடையதுதான், அனுமதியும் இருக்கிறது, இதுவரை யாரும் கால் வைக்கவில்லை, அவ்வளவுதான் என்றால், பூஜ்யத்தால் நிரப்பிய ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து அட்டவணையில் சேர்த்து, நின்ற கட்டளையை மீண்டும் ஓடவிடுகிறது. நடுவில் தான் நின்றது நிரலுக்குத் தெரியவே தெரியாது. பட்டாவே இல்லாத இடமென்றால் சிக்செக்வி என்ற சமிக்ஞை போகும். பட்டா இருந்து அனுமதி இல்லை என்றாலும் அதே சமிக்ஞைதான். ஆனால் இரண்டுக்கும் உள்ளே காரணக் குறியீடு வேறு. வழி தவறிய சுட்டியா (சுட்டி என்பது ஒரு முகவரியை வைத்திருக்கும் மாறி), வேலியில் மோதிய சுட்டியா என்பதை அந்தக் குறியீடு சொல்லிவிடும். நிரல் விழுந்தவுடன் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பட்டாவைக் கண்ணால் பார்க்கவும் முடியும். லினக்ஸில் ப்ராக் என்ற அடைவில் ஒவ்வொரு செயல்முறைக்கும் மேப்ஸ் என்றொரு கோப்பு உண்டு. பழைய முறையில், நிலையான முகவரியில் கட்டப்பட்ட ஒரு சிறு நிரலின் கோப்பைத் திறந்தால் முதல் வரி 400000 முதல் 401000 வரை, படிக்க மட்டும். அடுத்தது 401000 முதல் 402000 வரை, படிக்கவும் இயக்கவும்; நிரலின் கட்டளைகள் இங்கே. 402000ல் மாறாத எழுத்துச் சரங்கள், மறுபடியும் படிக்க மட்டும். 404000ல் பொதுமாறிகள், படிக்கவும் எழுதவும், ஆனால் இயக்கக் கூடாது. எண்கள் பதினாறடிமானத்தில் இருப்பதால் கடைசி மூன்று பூஜ்யங்களும் சரியாக ஒரு பக்க எல்லை. வரிகளை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பாருங்கள்: எழுதவும் இயக்கவும் சேர்த்து அனுமதி பெற்ற வரி ஒன்றுகூட இருக்காது. அது எதேச்சையாக அமைந்ததல்ல. அந்த இடத்துக்கு வர ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின. அதைப் பிறகு சொல்கிறேன்.

எம்புரொடெக்ட்

ஏற்கனவே பெற்ற இடத்தின் அனுமதிகளை மாற்ற எம்புரொடெக்ட் என்ற அழைப்பு உண்டு. எங்கிருந்து, எவ்வளவு தூரம், என்ன அனுமதி என்று மூன்றே தகவல்கள். தொடங்கும் முகவரி பக்க எல்லையில் இருக்க வேண்டும். ஒரு பைட் தள்ளியிருந்தாலும் கெர்னல் மறுக்கும். காவல் பக்கக் கணக்கில்தான் உண்டு, பைட் கணக்கில் கிடையாது. இந்த ஒரு கட்டுப்பாட்டை உணர்ந்துகொண்டால், மீதி எல்லாம் அதைச் சுற்றி வளைந்துபோகும் உத்திகள்தான்.

அந்த உத்திகளில் ஒன்று என்னைக் காப்பாற்றிய கதை இது. சில ஆண்டுகளுக்கு முன், பெயர்ப் பதிவுகளைக் கையாளும் நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். ஒவ்வொரு பதிவிலும் முதலில் பெயருக்கு 48 பைட், அதற்கடுத்து 4 பைட்டில் பதிவு எண். யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 16 குறிகளுக்கு 48 போதும் என்பது என் கணக்கு. சோதனைக்குக் கொடுத்த பெயர்கள் எல்லாம் ஒழுங்காக ஓடின. பல வாரங்கள் கழித்து, 1037 என்ற எண்ணில் சேர்த்த பதிவு 1024 என்று மாறியிருப்பது தெரிந்தது. ஏற்கனவே 1024ல் வேறொருவர் இருந்தார். நிரல் ஒருமுறைகூட விழவில்லை, எச்சரிக்கை ஏதும் இல்லை. தவறான எண்ணோடு அது நிம்மதியாக ஓடிக்கொண்டே இருந்தது.

எங்கே தேடுவது? எண்ணை மாற்றும் வரிகளையெல்லாம் பார்த்தேன், எல்லாம் சரி. கடைசியில் பெயருக்கான இடத்தை மட்டும் பதிவிலிருந்து பிரித்தெடுத்து, எம்மேப் மூலம் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களைக் கேட்டுப் பெற்றேன். இரண்டாம் பக்கத்தின் எல்லா அனுமதிகளையும் எம்புரொடெக்ட் கொண்டு பறித்தேன். பெயரின் 48 பைட்களை முதல் பக்கத்தின் கடைசியில், 4048ஆம் பைட்டில் தொடங்கி, வேலியை ஒட்டி வைத்தேன். நிரலை ஓடவிட்டதும், ‘மீனாட்சிசுந்தரம்’ என்ற பெயரில் விழுந்தது. விழுந்த முகவரியின் கடைசி மூன்று இலக்கங்கள் பூஜ்யம்: வேலியின் முதல் பைட். எழுத்தாகப் பார்த்தால் அந்தப் பெயரில் ஒன்பதுதான். ஆனால் மெய்க்கும் உயிர்மெய்க்கும் சேரும் புள்ளியையும் காலையும் மற்ற உயிர்க்குறிகளையும் தனித்தனிக் குறிகளாக எண்ணினால் சரியாக 16. 48 பைட் நிறைந்துவிடும். சி மொழியில் சரத்தின் முடிவைக் குறிக்கும் பூஜ்ய பைட் 49ஆவதாகப் போய் உட்காரும். பதிவுக்குள் அந்த 49ஆவது பைட் எது? பதிவு எண்ணின் முதல் பைட்; என் கணினியில் எண்ணின் மிகச் சிறிய மதிப்புள்ள பைட்தான் முதலில் வரும். 1037 என்பது 4 முறை 256, அதோடு 13. அந்த 13ஐப் பூஜ்யம் அழித்தது, மிஞ்சியது 1024.

வாரக்கணக்கில் தெரியாத பிழை, வேலி போட்ட ஐந்து நிமிடத்தில், தவறு நடந்த அதே வரியில் அகப்பட்டது. நிரல் விழுவதைக் கெட்ட செய்தியாக நான் பார்ப்பதை நிறுத்தியது அன்றுதான். இந்த உத்தி எனக்குச் சொந்தமல்ல. புரூஸ் பெரன்ஸ் 1987லேயே எலக்ட்ரிக் ஃபென்ஸ் என்ற கருவியில் இதைச் செய்திருந்தார்: நிரல் கேட்கும் ஒவ்வொரு சிறு துண்டு நினைவகத்தையும் ஒரு பக்கத்தின் கடைசியில் வைத்து, அடுத்த பக்கத்தைத் தொட முடியாதபடி பூட்டிவிடும். இடம் ஏராளமாக வீணாகும், வேகம் குறையும், ஆனால் எல்லை மீறும் முதல் பைட்டிலேயே பிடித்துவிடும்.

ஒரு நிரலுக்குள் தனித்து ஓடும் இழைகளுக்கு த்ரெட் என்று பெயர்; செயற்கூறுகள் தற்காலிகத் தரவை வைக்கும் இடம் ஸ்டாக். இதே வேலிதான் ஒவ்வொரு த்ரெட்டின் ஸ்டாக்குக்குக் கீழும் காவல் பக்கமாக நிற்கிறது. ஆனால் ஒரு பக்க அகல வேலியைத் தாண்டிக் குதிக்க முடியும். ஒரு செயற்கூறு 4096 பைட்டைவிடப் பெரிய வரிசையைத் தன் ஸ்டாக்கில் ஒதுக்கி, அதன் மறுமுனையில் முதலில் எழுதினால், கால் வேலியில் படாமலேயே அந்தப் பக்கம் போய்விடும். 2017 ஜூனில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தினர் இதை ஸ்டாக் கிளாஷ் என்ற பெயரில் வெளியிட்டு, லினக்ஸிலும் பிஎஸ்டி என்ற இயங்குதளக் குடும்பத்திலும் நிர்வாக அதிகாரம் பெற இது உதவும் என்று காட்டினார்கள். லினக்ஸ் முதன்மை ஸ்டாக்கின் வேலியை ஒரு பக்கத்திலிருந்து 256 பக்கங்களாக, அதாவது 1 எம்பியாக அகலப்படுத்தியது. முழுத் தீர்வு, நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரிடம் இருந்தது: பெரிய இடம் ஒதுக்கும்போது ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை தொட்டுக்கொண்டே இறங்கும்படி கட்டளைகளை உருவாக்குவது. அப்படித் தொட்டு இறங்கினால் வேலியில் கால் படாமல் போகவே முடியாது.

கோப்பை வரைவது, அதாவது அதை எம்மேப் மூலம் நிரலின் முகவரிகளில் பொருத்துவது பற்றி ஒரு சுருக்கமான எச்சரிக்கை மட்டும். 10,000 பைட் கோப்பை எம்மேப் செய்தால் மூன்று பக்கங்கள் கிடைக்கும், 12,288 பைட். கடைசி 2288 பைட்கள் பூஜ்யமாகத் தெரியும். படித்தால் ஒன்றும் ஆகாது. கோப்பு முடிந்த பக்கத்துக்கும் அப்பால் வரைவு நீண்டிருந்து அங்கே தொட்டால் வருவது சிக்செக்வி அல்ல, சிக்பஸ். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் கோப்பைக் குறுக்கிவிட்டாலும் இதுவே வரும். இன்னொன்று: எம்மேப் தோற்றால் பூஜ்யத்தைத் திருப்பித் தராது, மைனஸ் ஒன்றைத் தரும். பூஜ்யமா என்று மட்டும் சோதிக்கும் நிரல்களை இன்றும் பார்க்கிறேன்.

எழுதலாம் அல்லது இயக்கலாம்

1988 நவம்பர் 2ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் இணையத்தில் விட்ட புழு, அதாவது தானே பரவும் நிரல், யூனிக்ஸ் கணினிகளில் பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சேவையின் 512 பைட் இடத்துக்குள் 536 பைட்களை அனுப்பியது. மிகுதி ஸ்டாக்கின் மேல் வழிந்து, செயற்கூறு திரும்பிப் போக வேண்டிய முகவரியை மாற்றியது. புதிய முகவரி, புழு அனுப்பிய பைட்களையே சுட்டியது. தரவாக வந்தவை கட்டளைகளாக ஓடின. அந்தத் தாக்குதல் குறிவைத்த வேக்ஸ் கணினிகளின் பக்கக் காவலில் இயக்குவதற்கென்று தனி அனுமதி இல்லை. அன்றைய 32 பிட் எக்ஸ்86 செயலிகளிலும் பக்க அளவில் இல்லை. படிக்க முடிந்தால் இயக்கவும் முடியும். இது சின்னக் குறையாகத் தோன்றும். அடுத்த பத்து ஆண்டுகளில் வந்த தாக்குதல்களில் பல இந்த ஒரு பிட் இல்லாததில்தான் குடியிருந்தன.

2000ஆம் ஆண்டு பேக்ஸ் என்ற லினக்ஸ் பாதுகாப்புத் திட்டத்தினர், வன்பொருளில் அந்த பிட் இல்லாமலேயே அதைப் போலச் செய்து காட்டினார்கள். 2003ல் ஏஎம்டியின் 64 பிட் செயலிகள் 63ஆம் பிட்டைக் கொண்டுவந்தன. அதே ஆண்டு பிஎஸ்டி குடும்பத்து இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டி 3.3, எந்தப் பக்கத்திலும் எழுதுவதும் இயக்குவதும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதைக் கொள்கையாக அறிவித்தது. 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக் தன் வடிவத்தைக் கொண்டுவந்தது. மேப்ஸ் கோப்பில் எழுதவும் இயக்கவும் சேர்ந்த வரி இல்லாமல் போன பாதை இது.

ஆனால் சில நிரல்களுக்குப் புதுக் கட்டளைகளை எழுதி உடனே இயக்குவதுதான் தொழிலே. உலாவியின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம் அப்படிப்பட்டது. முதலில் எழுத அனுமதி, எழுதி முடித்ததும் அதைப் பறித்து இயக்க அனுமதி என்று எம்புரொடெக்ட் மூலம் மாற்றி மாற்றிச் செய்வதே ஒழுங்கான வழி. ஃபயர்ஃபாக்ஸ் 2016ல் 46ஆம் பதிப்பில் அப்படி மாறியது. தாக்குபவர்களும் சும்மா இருக்கவில்லை. நிரலுக்குள் ஏற்கனவே இருக்கும் கட்டளைத் துணுக்குகளைக் கோத்து வேலை முடிக்கும் முறையை ஹோவாவ் ஷாச்சம் என்ற ஆய்வாளர் 2007ல் கோட்பாடாகவே எழுதினார். அந்தக் கோவையின் வழக்கமான கடைசி அடி எது தெரியுமா? எம்புரொடெக்டை அழைத்து, தங்கள் பக்கத்துக்கு இயக்க அனுமதி வாங்கிக்கொள்வது. பூட்டு வலுவாகத்தான் இருந்தது, சாவி கதவிலேயே தொங்கியது.

வேலியே பயிரை மேய்ந்தபோது

2016 அக்டோபரில் வெளிவந்த டர்ட்டி கவ் பிழையை, இந்தத் துறையில் இருக்கும் எவரும் ஒருமுறையாவது நிதானமாகப் படிக்க வேண்டும் என்பேன். அது எந்தப் பயனரின் நிரலிலும் இல்லை. காவல் காக்கும் லினக்ஸ் கெர்னலிலேயே இருந்தது.

ஒரு கோப்பைப் படிக்க மட்டும் உங்களுக்கு உரிமை என்று வைத்துக்கொள்வோம். அதைத் தனிப்பட்ட வரைவாக எம்மேப் செய்யலாம். தனிப்பட்ட வரைவில் யாராவது எழுதினால், கெர்னல் அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் எழுத வைக்கும். அசல் அப்படியே இருக்கும். எழுதும்போது நகல் என்பதே இந்த முறை. இனி, ப்ராக் அடைவில் ஒரு செயல்முறையின் நினைவகமே ஒரு கோப்பாகவும் தெரியும். அதன் வழியாக எழுதினால், படிக்க மட்டும் அனுமதி உள்ள பக்கத்திலும் எழுதலாம். பிழை தேடும் கருவிகள் கட்டளைகளுக்கு நடுவில் நிறுத்தப் புள்ளிகளை இப்படித்தான் வைக்கின்றன. இதில் தவறில்லை, ஏனெனில் எழுதப்படுவது நகலில்.

கெர்னல் இதை மூன்று அடிகளில் செய்தது. எழுதும் நோக்கத்தோடு பக்கத்தைத் தேடும். அனுமதி இல்லாததால் நகல் எடுக்கும். நகல் எடுத்தாயிற்று, இனி பயமில்லை என்று ‘எழுதும் நோக்கம்’ என்ற குறியைக் கழற்றிவிட்டு, பக்கத்தை மறுபடி தேடும். கிடைத்ததில் எழுதும். இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவில், இன்னொரு த்ரெட் எம்அட்வைஸ் என்ற அழைப்பின் மூலம் ‘இந்தப் பக்கம் எனக்கு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால்? நகல் தூக்கி எறியப்படும். மறுபடி தேடும்போது எழுதும் நோக்கம் என்ற குறி இல்லை. படிக்கத்தானே கேட்கிறார்கள் என்று எண்ணி, கெர்னல் அசல் பக்கத்தையே எடுத்துக் கொடுக்கும். பிறகு அதில் எழுதிவிடும். எழுதுவது கெர்னல், தன் சொந்த வரைவின் வழியாக. எனவே பயனரின் அட்டவணையில் இருந்த எழுதத் தடை பார்வைக்கே வரவில்லை. வன்பொருளுக்கு இதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை.

இரண்டு த்ரெட்கள், ஒன்று எழுதிக்கொண்டே இருக்கும், மற்றது எறிந்துகொண்டே இருக்கும். பல்லாயிரம் முறை முயன்றால் ஒருமுறை இடைவெளி அமையும், ஒருமுறை போதும். படிக்க மட்டும் உரிமையுள்ள பயனர், நிர்வாகியின் கோப்பை மாற்றிவிடலாம். 2007ல் வந்த லினக்ஸ் 2.6.22 பதிப்பிலிருந்து இது இருந்தது. திருத்தத்தை எழுதிய, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே பிழையைத் தானே திருத்த முயன்று சரியாகச் செய்யாமல் போனதைத் திருத்தக் குறிப்பிலேயே பதிவு செய்தார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த ஆண்டே, பெரிய பக்கங்களுக்கு இந்தத் திருத்தம் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்து மறுபடி சரி செய்ய வேண்டியிருந்தது. பட்டாவும் அடங்கலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் நொடிக்கும், அதை நம்பிக் கையை வைக்கும் நொடிக்கும் இடையில் ஒன்று மாறிவிட்டால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொரு பிழையை நான் அறியேன்.

காவலுக்கு விலையும் உண்டு. நான்கு அட்டவணைகளை ஒவ்வொரு முறையும் புரட்ட முடியாது என்பதால், செயலி அண்மையில் பார்த்த முகவரிகளை டிஎல்பி என்ற சிறு நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒரு பக்கத்தின் அனுமதியைக் குறைத்தால், அந்த நிரலின் த்ரெட்கள் ஓடும் மற்ற செயலிக் கருக்களிடமும் பழைய பதிவை அழிக்கச் சொல்லி, அவை அழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி ஓடும் வளையத்துக்குள் எம்புரொடெக்டை வைத்தால் நிரல் நத்தையாகிவிடும். பலர் கவனிக்காத இன்னொரு வரம்பும் இருக்கிறது. நீண்ட ஒரு வரைவின் நடுவில் ஒரே ஒரு பக்கத்தின் அனுமதியை மாற்றினால், ஒரு பட்டா மூன்றாக உடைகிறது. லினக்ஸில் ஒரு செயல்முறைக்கு வழக்கமான உச்சம் 65,530 பட்டாக்கள். அதைத் தொட்டதும், ஜிபி கணக்கில் நினைவகம் சும்மா கிடந்தாலும், நினைவகம் இல்லை என்று கெர்னல் சொல்லும். எலக்ட்ரிக் ஃபென்ஸ் போன்ற கருவியைப் பெரிய நிரலில் போட்டவர்கள் இந்தச் சுவரில் முட்டியிருப்பார்கள்.

விலை தெரிந்தே வேலியை வேகத்துக்குப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆண்ட்ரூ அப்பெல், கை லீ என்ற ஆய்வாளர்கள் 1991லேயே, பேஜ் ஃபால்ட்டைப் பயனர் நிரல்களே கையாள முடிந்தால் எத்தனை காரியங்கள் எளிதாகும் என்று எழுதியிருந்தார்கள். இன்று, உலாவிக்குள் வேகமாக ஓடும் வெப்அசெம்பிளி என்ற நிரல் வடிவத்தை இயக்கும் இயந்திரங்கள் அதைத்தான் செய்கின்றன. நிரல் தரும் குறியெண் 32 பிட், அதோடு கூட்டப்படும் இடப்பெயர்வும் 32 பிட்; கூட்டுத்தொகை எப்படிப் போனாலும் 8 ஜிபியைத் தாண்டாது. அந்த முழுப் பரப்பையும் அனுமதியற்ற வெறும் முகவரியாக முன்பே பிடித்துவைத்து, உண்மையில் தேவைப்படும் முன்பகுதிக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதிக்கும் கட்டளையே வேண்டாம். மீறினால் வேலி பிடிக்கும்; சமிக்ஞையை வாங்கி, இயந்திரம் அதை ஒழுங்கான பிழைச் செய்தியாக மாற்றிவிடும். ஜாவாவின் ஹாட்ஸ்பாட் இயந்திரம் பூஜ்யச் சுட்டியைப் பிடிப்பதும் பெரும்பாலும் இப்படியே: பூஜ்யத்தை ஒட்டிய முகவரிகளில் எதுவும் வரையப்படுவதில்லை. லினக்ஸில் சாதாரண நிரல் முதல் 65,536 பைட்களுக்குள் எதையும் வரையக் கெர்னல் வழக்கமாக விடுவதில்லை. கெர்னலின் சொந்தப் பூஜ்யச் சுட்டிப் பிழைகளைத் தாக்குபவர்கள் அங்கே காத்திருந்து பயன்படுத்திக்கொண்டதால் வந்த கட்டுப்பாடு அது.

கதவில் தொங்கும் சாவிக்கும் இப்போது ஒரு பதில் இருக்கிறது. 2023ல் ஓப்பன்பிஎஸ்டி 7.3 எம்இம்யூட்டபிள் என்ற அழைப்பைக் கொண்டுவந்தது. 2024 ஜூலையில் லினக்ஸ் 6.10, 64 பிட் கணினிகளுக்கு எம்சீல் என்ற அழைப்பைச் சேர்த்தது. ஒரு பட்டாவுக்கு முத்திரை வைத்துவிட்டால், அதன் அனுமதியை எம்புரொடெக்ட் மாற்ற முடியாது. வரைவை நீக்க முடியாது, நகர்த்த முடியாது, அதன்மேல் வேறொன்றை வரைய முடியாது. எழுத அனுமதியில்லாத, கோப்போடு சேராத பக்கங்களை எம்அட்வைஸ் மூலம் எறிந்துவிட்டுப் பூஜ்யமாக்கவும் முடியாது. எது கேட்டாலும் அனுமதியில்லை என்று கெர்னல் திருப்பிவிடும். முத்திரையை எடுக்க எந்த அழைப்பும் தரப்படவில்லை. அந்தச் செயல்முறை முடியும்வரை, அல்லது வேறொரு நிரலாகத் தன்னை மாற்றிக்கொள்ளும்வரை, அது அப்படியே இருக்கும்.